இருசெவி ஒலி கண்ட ஆலன் புளும்லைன்

மக்களுக்குச் செவிகள் இரண்டு. ஒன்று பழுதுற்ற காலத்து மற்றொன்று உதவுதற்காகவே இரண்டு அமைந்தன என்று கருதுவாரும் உளர். கண்களை மூடிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தெருவில் வண்டி ஒன்று வருகிறது. அது கிழக்கேயிருந்து வருகிறதா, மேற்கேயிருந்து வருகிறதா என்பதை அவர் தயங்காது சொல்லிவிடுவார். வலப்புறத்து ஓசை வலச்செவியை முந்தி அடைகிறது. இடச்செவியை அடைவதற்குள், ஒரு நொடியை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூற்றினும் குறைந்த நேரம் பிந்திவிடுகிறது; அதன் வலிமையும் சிறிது குன்றுகிறது. இத்துணை நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிந்துகொள்கிறது. ஒற்றைச் செவியால் ஓசையைக் கேட்கலாம். அஃது எழும் இடத்தை இவ்வாறு தெளிதல் அரிது.

1877-ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை ஆக்கினார். அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் கேட்ட பதிவிசை எல்லாம் ஒற்றைச் செவியுடையார் கேட்கும் இசையாகவே இருந்தது. குழலூதுவோரும் பிடில் வாசிப்போரும் முரசறைவோரும் மேடையில் பரந்து அமர்ந்திருந்தாலும், இசைத்தட்டில் அவர்கள் அனைவரும் ஒரே புழையின் வழியே நெருக்கித் தள்ளப்பட்டு வெளிப்பட்டனர். இக்குறையை இசைத்தட்டின் ஒற்றை வரிப்பள்ளத்துக்குள்ளேயே தீர்க்க வழி கண்டவர் ஆலன் டவர் புளும்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலார். அவர் கண்ட வழியைத் தாங்கிய இசைத்தட்டுக் கடைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

புளும்லைன் 1903-ஆம் ஆண்டு சூன் 29-ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஆம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தையார் செர்மானிய நாட்டில் பிறந்து ஆங்கிலக் குடியுரிமை பெற்றவர். தாயார் தென்னாப்பிரிக்காவில் தொண்டாற்றிய சுகாத்லாந்துச் சமயப் பணியாளர் ஒருவரின் மகள். ஏழு வயதுச் சிறுவனாயிருந்தபோதே ஆலன் வீட்டு வாயில் மணியைப் பழுது பார்த்தான். பார்த்ததோடு நில்லாமல், அவ்வேலைக்குக் கூலி கேட்டுத் தந்தையிடம் பட்டியல் ஒன்றையும் நீட்டினான். அதன் அடியில் தன் பெயரை எழுதி, மின்பொறியாளன் என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். ஆயினும் அச்சிறுவன் பன்னிரண்டு வயது வரையில் நூல்களைத் தடையின்றிப் படிக்கத் தெரியாதிருந்தான் என்று அவன் தமக்கை பிற்காலத்தில் கூறினார். அதற்கு அவர் அளித்த விடையும் சுவையானது. படிக்கத் தெரியாவிடினும் இருபடிச் சமன்பாடுகள் பல தெரியும் என்று சொல்லி நகைத்தாராம். இதனைச் சான்று காட்டி எழுத்தும் இலக்கணமும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த மாணவரும் ஆசிரியரிடம் வாதிட வேண்டா. முதலில் சமன்பாடுகளைச் செய்து காட்டுக.

ஐகேட் பள்ளியில் கல்வி முடித்தபின் 1921-ஆம் ஆண்டில் இலண்டன் சிட்டி அண்டு கில்ட்சு கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகை பெற்று நேரே இரண்டாம் ஆண்டு வகுப்பில் இடம்பெற்ற அவர், இரண்டே ஆண்டுகளில் முதல் வகுப்பில் தேறினார். 1924-இல் தொலைபேசிக் குழுமம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்து நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பிகளில் ஒருவர் பேச்சு மற்றொருவர் கம்பியில் புகுந்து ஒலிக்கும் இடர் இருந்தது. அதனைப் போக்க முதலில் அதனை அளந்தறிதல் வேண்டும். அதற்குரிய நுண்ணிய அளவைக் கருவியை அவர் அமைத்தார். அளந்து காணாத குறையைத் தீர்க்க முற்படாமை அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட ஒழுங்கு.

1929-ஆம் ஆண்டில் கொலம்பியா கிராபோபோன் குழுமம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ஐசக் சோன்பெர்க்கு என்னும் அறிஞர் தலைமை தாங்கினார். அந்நாளில் இசைத்தட்டின் மூலத்தகட்டில் வரி வெட்டும் மின்கருவி அமெரிக்க நாட்டு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் குழுமத்தாரின் காப்புரிமையில் இருந்தது. ஆதலின் ஒவ்வோர் இசைத்தட்டு விற்கும்போதும் அவர்களுக்குப் பங்குத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. அக்காப்புரிமையைத் தொடாமல் புதியதொரு வெட்டுகருவி ஆக்கித் தருதல் வேண்டும் என்பதே புளும்லைனுக்கு இடப்பட்ட பணி. பழைய கருவியில் இரும்புத் துண்டொன்று காந்தத்தினிடையே ஆடியது. அவர் இரும்பை விடுத்துக் கம்பிச்சுருளை ஆடவிட்டார். பணம் மிச்சமானது ஒருபுறம் இருக்க, ஒலியும் முன்னையினும் தெளிவாக அமைந்தது. 1931-இல் கொலம்பியாக் குழுமமும், கிராமபோனுக்குச் செவி சாய்க்கும் நாயின் படத்தால் நம் நாட்டாரும் நன்கறிந்த கிராமபோன் குழுமமும் ஒன்றாயின. இ.எம்.ஐ. என்னும் பெரிய நிறுவனம் பிறந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் தமிழ்ப் பாடல் இசைத்தட்டுகளையும் அச்சிட்டு வந்தது இந்நிறுவனத்தின் இந்தியக் கிளையே.

அதே 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் புளும்லைன், தாம் மணக்கவிருந்த நங்கையுடன் திரைப்படம் பார்க்கச் சென்றார். பேசும் படங்கள் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திரையின் ஓரத்தில் நடிகர் நின்று பேச, அவர் குரலோ திரையின் வேறோரிடத்திலிருந்து வந்தது. கூட்டத்தினர் படத்தில் மூழ்கியிருந்தனர். அவருக்கோ அப்பொருந்தாமை முள்ளாய் உறுத்தியது. குரல் நடிகரைப் பின்தொடர்ந்து செல்லுமாறு செய்யத் தமக்கு வழி தெரியும் என்று அந்நங்கையிடம் உரைத்தார். உரைத்ததை அவ்வாண்டு முடிவதற்குள் செய்தும் காட்டினார். திசம்பர் 14-ஆம் நாள் காப்புரிமை வேண்டி அவர் விடுத்த விண்ணப்பத்தில் எழுபது உரிமைக் கோரிக்கைகள் இருந்தன. 1933-இல் அது 394325 என்னும் எண்ணுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தம் முறைக்கு அவர் இட்ட பெயர் இருசெவி ஒலி என்பதாம். ஸ்டீரியோ என்று உலகம் அதனைப் பின்னாளில் அழைத்தது.

அம்முறையின் அடிப்படை எளிது. இரண்டு ஒலிவாங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரிடத்தில் வைத்து, ஒன்று இடப்புறமும் மற்றொன்று வலப்புறமும் நோக்கச் செங்கோணமாகத் திருப்பிவிட வேண்டும். இடத்து ஓசை ஒன்றில் மிகுதியாகவும் வலத்து ஓசை மற்றொன்றில் மிகுதியாகவும் பதியும். கேட்பவர் முன் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து அவற்றை ஒலிக்கச் செய்தால், ஓசை மேடையில் எழுந்த இடத்திலேயே எழுவதுபோல் தோன்றும்.

அரிய பகுதி இனித்தான் வருகிறது. இரண்டு ஒலிகளையும் இசைத்தட்டில் எங்ஙனம் எழுதுவது? இரண்டு வரிப்பள்ளங்களை அடுத்தடுத்து வெட்டி, இரண்டு முட்களை ஓட்டலாம். அவ்வாறு செய்தால் தட்டில் அடங்கும் பாட்டு பாதியாகும். இரண்டு முட்களும் சிறிதும் முந்தாமல் பிந்தாமல் ஓடவும் வேண்டும். புளும்லைன் ஒரே பள்ளத்தை உற்று நோக்கினார். அது வாய்க்காலைப் போன்று இரண்டு சரிவான கரைகளை உடையது. இடக்கரையில் ஓர் ஒலியையும் வலக்கரையில் மற்றோர் ஒலியையும் எழுதினால் என்ன? கரை ஒவ்வொன்றும் தட்டின் பரப்புக்கு 45 பாகை சாய்ந்திருந்தால் இரண்டு கரைகளும் தம்முள் செங்கோணமாக அமையும். செங்கோணமாக உள்ள இரு திசைகளில் ஒன்றன் அசைவு மற்றொன்றைத் தாக்காது. ஆகவே ஒரே முள் ஒரே பள்ளத்தில் ஓடிக்கொண்டே இரண்டு கரைகளின் செய்தியையும் கலப்பின்றி எடுத்துரைக்கும்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பழைய தட்டுகளில் முள் பக்கவாட்டில் மட்டுமே ஆடும். அந்த ஆட்டம் இரண்டு கரைகளுக்கும் சமமாகவே பங்கிடப்படும். ஆதலின் புதிய கருவியில் பழைய தட்டை இட்டால் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே ஒலியைத் தரும். வீட்டில் சேர்த்து வைத்த பழந்தட்டுகளை எறிய வேண்டுவதில்லை. புதுமை செய்வார் பலர் பழமையை மறந்துவிடுவர். இவரோ பழந்தட்டு வைத்திருப்பவரையும் மறவாது தம் கணக்கைப் போட்டார். இந்த ஒன்றுக்காகவே அவரை வியக்கலாம் என்பது என் கருத்து.

1934-ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் அபே ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் தாமசு பீச்சம் என்னும் புகழ்பெற்ற இசைநெறியாளர் மோசார்ட்டின் சூப்பிட்டர் சிம்பொனியைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். புளும்லைன் தம் ஒலிவாங்கிகளை வைத்து அதனை இருசெவி முறையில் பதிவு செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தாரும் இத்துறையில் உழைத்து, 1932-இல் பிலடெல்பியா இசைக்குழுவினரைப் பதிவு செய்திருந்தனர். இரு நாட்டு முயற்சியும் அப்போதைக்குக் கடைத்தெருவை எட்டவில்லை. அந்நாளைய இசைத்தட்டு அரக்கினால் ஆயது. நம் நாட்டு மரங்களில் சிறு பூச்சிகள் கசியவிடும் அதே அரக்குத்தான். கப்பலேறிச் சென்று உலகத்துப் பாட்டையெல்லாம் சுமந்தது. அத்தட்டு எளிதில் உடையும். முள் உராய இரைச்சலும் எழும். நிமிடத்திற்கு 78 சுற்று வீதம் சுழன்று நான்கைந்து நிமிடங்களில் ஒரு பக்கம் முடிந்துவிடும். மெல்லிய இருசெவி ஒலிக்கு அத்தட்டு தக்க இருப்பிடம் அன்று. பொருளாதார மந்தமும் நிலவிய காலம் அது. நிறுவனத்தார் ஆராய்ச்சியை நிறுத்தி, தொலைக்காட்சியை உருவாக்குமாறு புளும்லைனைப் பணித்தனர். காப்புரிமை ஏடு பெட்டிக்குள் உறங்கிற்று.

புளும்லைன் மனம் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. சோன்பெர்க்கின் கீழ் உழைத்த குழுவினர் 405 வரித் தொலைக்காட்சி முறையை உருவாக்கினர். 1936 நவம்பர் 2-ஆம் நாள் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நிறுவனத்தார் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கினர். மறு ஆண்டு மே 12-இல் ஆறாம் சார்சு மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை, நகரின் நடுவிலிருந்து கம்பி வழியே மாளிகைக்கு அனுப்பிக் காட்டினர். நெடுந்தொலைவு செல்லும் கம்பியில் வெளி இரைச்சல் புகுந்துவிடும் அன்றோ? அதற்கும் அவர் இரண்டு என்னும் எண்ணையே துணைக்கொண்டார். இரண்டு வால்வுகளை ஒரே மின்தடையின்மீது இணைத்து நிறுத்தினார். இரு கம்பிகளிலும் ஒருங்கே புகுந்த இரைச்சல் அவ்விணையில் பெரிதும் அடங்கிவிடும். இரு கம்பிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடாகிய செய்தி மட்டும் பெருகி வெளிவரும். பொறியியலார் இதற்கு நீள்வால் இணை என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர்.

வால்வு என்பது யாது என்பதை இங்குக் கூறுதல் வேண்டும். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழினுள் ஓர் இழை சூடேறிச் செந்நிறமாக ஒளிரும். அச்சூட்டினால் எழும் எதிர்மின் துகள்கள் எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாயும். இடையே மெல்லிய கம்பிவலை ஒன்றை வைத்து, அதில் சிறிய மின்னழுத்தத்தை ஊட்டினால், பெரும் பாய்ச்சலைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். மதகின் பலகையைச் சிறுவன் ஒருவன் தூக்கி ஆற்று நீரை ஆள்வது போல. பிளெமிங்கு 1904-இல் ஆக்கிய வால்வில் வலை இல்லை. அடுத்து 1906-இல் வலையைச் சேர்த்தவர் அமெரிக்கரான லீ டி பாரசுட்டு. பின்னர் வலிமை மிகுதற்பொருட்டு இரண்டாம் வலையாகிய திரைவலையையும் சேர்த்தனர். திரைவலை இல்லாத வால்வில் ஒலி மென்மையாக இருக்கும், வலிமை குறையும். திரைவலை உள்ளதில் வலிமை மிகும், ஒலி திரிபுறும். புளும்லைன் 1937-இல் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார். வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நிற்கும் மின்மாற்றியின் சுருளில் இடையிலோர் இடத்தில் கிளை எடுத்துத் திரைவலையோடு பிணைத்தார். வலிமையும் பெரிதும் குன்றவில்லை, திரிபும் குறைந்தது. 1951-இல் அமெரிக்கர் இருவர் இவ்வமைப்பை அல்ட்ரா லீனியர் என்னும் பெயரால் பரப்பினர். நல்ல பெருக்கிகள் பலவற்றில் அஃது இடம்பெற்றது.

இந்நாளிலும் சிலர் முதன்முறையாக வினைல் தட்டும் வால்வுப் பெருக்கியும் கொண்டு இசைக்கருவித் தொகுதி ஒன்றை வீட்டில் அமைக்க விரும்புகின்றனர். அதிர்வு தாக்காத உறுதியான பலகைமேல் தட்டுச் சுழலியைச் சமமாக நிறுத்துகின்றனர். முள்ளிலிருந்து எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே ஆதலின், அதனை முன்பெருக்கியிலும் பின்னர்ப் பெரும் பெருக்கியிலும் வளர்க்கின்றனர். இரண்டு ஒலிபெருக்கிகளையும் கேட்பவர் இருக்கையையும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைக்கின்றனர். ஒலிபெருக்கிகளை அருகருகே ஒட்டி வைத்துவிட்டு இசை விரியவில்லையே என்று குறைகூறுவாரும் உண்டு. செவிகளுக்கு வேறுபாடு எட்டினாலன்றோ விரியும்! அத்தொகுதியில் முள் ஓடும் பள்ளத்தின் கரைகளில் புளும்லைனின் கணக்கு இருக்கிறது. பெருக்கியில் ஒளிரும் வால்வுகளைப் பிணைத்த முறையிலும் பெரும்பாலும் அவர் கை இருக்கும்.

அவர் வாழ்க்கைக்கு மீள்வோம். 1933-இல் மணம் புரிந்த அவருக்கு மைந்தர் இருவர் பிறந்தனர். வானூர்தி ஓட்டுவதிலும் அவருக்குப் பெருவிருப்பம். பதினைந்து ஆண்டு உழைப்பில் அவர் பெற்ற காப்புரிமைகள் 128. ஏறத்தாழ ஆறு வாரத்திற்கு ஒன்று என்று கணக்கிட்டுள்ளனர். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் அறிவு நாட்டுக்காப்பிற்குத் திரும்பிற்று. பகை வானூர்தியின் ஓசை வரும் திசையை இருசெவித் தத்துவத்தால் கண்டு திரையில் காட்டும் கருவியில் முதலில் உழைத்தார். பின்னர் எச்சு டூ எசு என்னும் கதுவீக் கருவியின் ஆக்கத்தில் பங்கு கொண்டார். இரவிருளிலும் முகில் மறைப்பிலும் கீழேயுள்ள நிலத்தையும் நகரத்தையும் வானூர்தியில் இருப்பவருக்குத் திரையிற் காட்டுவது அக்கருவி.

1942 சூன் 7, ஞாயிற்றுக்கிழமை. அக்கருவியைப் பொருத்திய ஆலிபாக்சு வானூர்தி ஒன்று தெப்போர்டு நிலையத்திலிருந்து எழுந்தது. அதில் பதினொருவர் இருந்தனர். புளும்லைனும், அவரோடு பணிபுரிந்த பிரௌன், பிளைத்தன் என்னும் இ.எம்.ஐ. பொறியியலாரும் அவர்களுள் அடங்குவர். வழியில் வலப்பக்கத்துப் பொறியொன்றில் தீப்பற்றியது. அணைக்க இயலவில்லை. இறகு எரிந்து முறிய, வை ஆற்றங்கரையில் வெல்சு பிக்னர் என்னும் சிற்றூரருகே வானூர்தி வீழ்ந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது, பொறியின் அடைப்பிதழ் ஒன்றை இயக்கும் பகுதியில் சிறு திருகுமரை தளர்ந்ததே தீக்குக் காரணம் எனத் தெரிந்தது. புளும்லைனுக்கு முப்பத்தொன்பது வயது நிறைய மூன்று வாரங்கள் இருந்தன.

அரிய கருவியும் அதனை அறிந்தாரும் ஒருங்கே அழிந்த செய்தி பகைவர்க்கு எட்டலாகாது என அரசினர் அதனை மறைத்தனர். அவர் பெருமையைக் கூறும் இரங்கலுரை அன்று நாளிதழ்களில் வரவில்லை. எஞ்சியோர் பணியைத் தொடர்ந்தனர். 1943 சனவரி இறுதியில் அக்கருவி முதன்முதலாகப் போரில் பயன்பட்டது. உயிர் கொடுத்தவர் பெயரைப் பொதுமக்கள் நெடுநாள் அறியாதிருந்தனர்.

1948-இல் அமெரிக்கக் கொலம்பியாக் குழுமம் வினைல் என்னும் பொருளால் ஆகிய நீள்இசைத்தட்டை வெளியிட்டது. இரைச்சல் குறைந்த அத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ சுற்று வீதம் சுழன்று, பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கும் மேலாக ஒலித்தது. இருசெவி ஒலிக்குத் தக்க இருப்பிடம் அப்போதுதான் கிடைத்தது. ஆயினும் நீட்டிக்கப்பட்ட காப்புரிமையும் 1952-இல் முடிந்துவிட்டது. 1957-இல் வெஸ்ட்ரெக்சு என்னும் அமெரிக்கக் குழுமம், இரு கரைகளும் 45 பாகை சாய்ந்த பள்ளம் உடைய ஸ்டீரியோ முறையைக் கொணர்ந்தது. மறு ஆண்டில் அத்தகைய தட்டுகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. புளும்லைன் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இலண்டன் ஈலிங் பகுதியில் அவர் வாழ்ந்த இல்லத்தில் 1977-இல் நினைவுத் தகடு பதிக்கப்பட்டது. 2015-இல் அபே ரோடு நிலையத்திலும் பொறியியலார் கழகத்தார் ஒரு தகடு நிறுவினர். 2017-இல் அமெரிக்க ஒலிப்பதிவுக் கழகத்தார் நுட்பத்துறைக்குரிய கிராமி விருதை அவர் பெயருக்கு வழங்கினர். 1934-இல் அவர் பதிந்த சூப்பிட்டர் சிம்பொனியின் பகுதி அழியாமல் காக்கப்பட்டு வந்தது. அதனை இரண்டு ஒலிபெருக்கிகளின் நடுவே அமர்ந்து கேட்டால், பிடில்கள் ஒரு பக்கமாகவும் முரசு தன் இடத்திலும் ஒலிக்கின்றன.